நாக்கு விறைத்த சமையற்காரர்கள்

கவா என்ற பானத்தை நான் வாழ்க்கையில் ஒரே ஒரு நாள்தான் குடித்திருக்கிறேன். அன்றைக்கு என் நாக்கு விறைத்தது, கால் தளர்ந்தது, உங்கள் அம்மாவுக்கு ஒரு வகுப்பறை கிடைத்தது. முதல் இரண்டுக்கும் மூன்றாவதுக்கும் என்ன தொடர்பு என்று பிள்ளைகள் நீங்கள் பலமுறை கேட்டுவிட்டீர்கள். சாப்பாட்டு மேசையில் நான் சொல்லத் தொடங்கினால் அம்மா இடையில் புகுந்து, சிரித்துச் சிரித்துக் கதையைக் குழப்பிவிடுவார். அதனால் எழுதியே வைக்கிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பத்தெட்டாம் ஆண்டுக் கோடை. டோர்ட்மண்டில் அகதிகளுக்கென்று ஒதுக்கிய ஒரு பழைய கட்டடத்தில் இருந்தோம். ஹைம் என்று அதைச் சொல்வோம். எங்களுக்கு ஓர் அறை. அம்மாவின் வயிற்றில் மூத்தவள். ஊரில் அம்மா பாலர் வகுப்பு ஆசிரியை. இங்கே அவருக்கும் வேலை செய்ய அனுமதி இல்லை, எனக்கும் இல்லை. ஆனால் கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தெரியாத மனுசி அவர். ஹைமில் இருந்த பிள்ளைகளைக் கூட்டி, மாடிப்படியில் வரிசையாக இருத்தி, தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். கீழ்ப்படியில் இருப்பவர்களுக்கு உயிரெழுத்து, மேல்படியில் இருப்பவர்களுக்கு மெய்யெழுத்து. ஹைம் பொறுப்பாளர் வந்து, நெருப்புப் பிடித்தால் ஆட்கள் எந்த வழியால் ஓடுவது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அம்மா வகுப்பை உடுப்புத் தோய்க்கும் அறைக்கு மாற்றினார். அங்கே மெஷின் சுற்றத் தொடங்கினால் அம்மா கத்த வேண்டும், பிள்ளைகளும் கத்த வேண்டும். அவர் ‘ழ’ சொல்லிக்கொடுத்த அன்று, மெஷின் உடைந்துவிட்டதாக்கும் என்று மேல்மாடியிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள்.

அம்மா மாதாமாதம் டொக்டரிடம் போகும் வழியில் ஒரு தேவாலய மண்டபம் இருந்தது. கீழே பெரிய கூடமும் சமைக்க ஒரு குசினியும். மேலே ஓர் அறை. தெருவில் நின்று பார்த்தாலே அந்த அறையின் கரும்பலகை தெரியும். சனிக்கிழமைகளில் அது பூட்டியே கிடக்கும். அம்மா ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் நடையைக் குறைப்பார். ஒருநாள் நின்றேவிட்டார்.

“இஞ்சருங்கோ, சும்மா கிடக்கிற அறைதானே. கேட்டால் தரமாட்டினமே?”

கேட்டோம். மண்டபத்துப் பூட்டுகளின் திறப்புகள், சாவிகள் எல்லாம் ஒரு ஜெர்மன் அம்மையாரின் கையில் இருந்தன. உயரமானவர், குட்டையாக வெட்டிய நரைமுடி, நடக்கும்போது திறப்புக் கோர்வை கிலுங்கும். எங்களுக்குள் அவரைத் திறப்பம்மா என்று சொல்லிக்கொள்வோம். நாங்கள் சொன்னதை அவர் முகத்தை இறுக்கிக்கொண்டு கேட்டார். முந்தி ஒருமுறை யாரோ எங்கள் ஆட்கள் அங்கே பிறந்தநாள் கொண்டாடி, பியர் குடித்து, பாட்டுப் போட்டு, அயலவர்கள் பொலிசைக் கூப்பிட்டார்களாம். “உங்களை எங்கள் ஆட்களுக்குத் தெரியாது,” என்றார். “ஒரு சனிக்கிழமை இங்கே வந்து சமையுங்கள். எங்கள் சபை ஆட்கள் வந்து உங்களோடு சாப்பிடட்டும். பிள்ளைகளையும் பார்க்கட்டும். அதற்குப் பிறகு அறையைப் பற்றிப் பேசுவோம். ஒரு நிபந்தனை. மது ஒரு துளியும் கூடாது.”

அம்மா அன்று இரவுச் சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டு, எந்த வாங்குப் பலகையில் எந்தப் பிள்ளையை இருத்துவது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சமைக்க ஆள் இருந்தது. எங்கள் அறைக்குப் பக்கத்து அறையில், கொழும்பில் சாப்பாட்டுக் கடை நடத்திய ஓர் அண்ணை. பெரிய உடம்பு, பெரிய குரல். அம்மாவைக் குசினிப் பக்கம் வரவேண்டாம் என்று நாங்களே சொல்லிவிட்டோம். அந்த மாதங்களில் வெங்காயம் வதங்கும் மணம் பட்டாலே அவர் சத்தி எடுக்க ஓடுவார். பின்னேரம் ஐந்து மணிக்குச் சாப்பாடு. அம்மா அதற்குக் கொஞ்சம் முன்னால் ட்ராமில் வந்தால் போதும். பிள்ளைகளையும் மற்ற அம்மாமாரையும் நான் சபையின் வான் வண்டியில் போய் ஏற்றி வருவதாக ஏற்பாடு. அந்த வானை ஓட்டத் திறப்பம்மா சம்மதித்தது எனக்குப் பெரிய பெருமை. முதல் நாளே போட வேண்டிய சேட்டு, காற்சட்டை எல்லாம் அயன் பண்ணி வைத்தேன்.

இனிப் பீஜி அண்ணையைச் சொல்ல வேண்டும். அவரும் எங்கள் ஹைமில்தான் இருந்தார். பூட்டனும் பூட்டியும் தமிழ்நாட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் பீஜித் தீவுக்குப் போனவர்கள். இவர் அங்கே பிறந்து கப்பலில் வேலை செய்தவர். அங்கே இராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு திரும்பிப் போகப் பயந்து ஹம்பேர்க்கில் இறங்கிவிட்டார். அவருடைய தமிழ், நாலு தலைமுறை பாவித்த சில்லறைக்காசு மாதிரித் தேய்ந்திருந்தது. ஆனால் செல்லும். அவரோடு கைகுலுக்கிய எவரும் குனிந்து அவர் கையைப் பார்ப்பார்கள். மீன் செதில் மாதிரித் தோல் காய்ந்து உரிந்துகொண்டிருக்கும். நோயோ என்று நாங்கள் கேட்டபோது அவர் சிரித்தார்.

“நோய் இல்லே தம்பி. கவா. தினம் தினம் குடிச்சா தோல் இப்படி ஆவும். விட்டா திரும்பி வரும். நான் கொஞ்சம் கொஞ்சமா விடறேன்.”

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நாங்கள் மூன்று பேரும் மண்டபத்துக் குசினிக்குள் நுழைந்தோம். துருக்கிக் கடையில் வாங்கிய ஆட்டிறைச்சி, கத்தரிக்காய், பருப்பு, ஊரிலிருந்து பொதியில் வந்த கறித்தூள். தேங்காய்ப்பாலுக்கு ஜெர்மன்காரர் கேக்கில் தூவும் காய்ந்த தேங்காய்ப்பூ. அதைச் சுடுநீரில் ஊறவைத்துப் பிழிந்து ஒரு பெரிய சட்டி நிறையப் பால் எடுத்து வைத்துவிட்டோம். இறைச்சி அடுப்பில் ஏறிவிட்டது. அப்போதுதான் பீஜி அண்ணை தன் பையிலிருந்து மண்ணிறத் தூள் அடைத்த ஒரு பொட்டலத்தையும், வெள்ளைத் துணி ஒன்றையும், தேய்த்து மினுக்கிய ஒரு சிரட்டையையும் எடுத்து மேசையில் வைத்தார்.

“எங்க ஊர்ல புது இடத்துக்குள்ள நுழைஞ்சா, அந்த இடத்துக்காரங்களுக்கு முதல்ல இதைக் குடுத்துத்தான் அனுமதி கேக்கணும்,” என்றார். “அவங்க வந்ததும் குடுப்போம்.”

சமையல் அண்ணை பொட்டலத்தை மணந்து பார்த்தார். “உதென்ன அண்ணை, சாராயத்துக்குப் போடுற சாமானோ? திறப்பம்மா ஒரு துளியும் கூடாதெண்டு சொன்னவ.”

“சாராயம் இல்லே. வேர். மிளகுக் கொடிக்குச் சொந்தக்காரச் செடி.”

இந்த இடத்தில்தான் எங்கள் ஆட்கள் மட்டுமே விடக்கூடிய பிழையை விட்டோம். வேர் என்று சொன்னதும் எங்கள் இரண்டு பேருக்கும் பயம் போய்விட்டது. வேர் என்றால் மருந்து. வேர்க்கொம்பு, மல்லி அவித்துக் குடிநீர் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். மருந்து என்றால் எவ்வளவு அதிகம் குடிக்கிறோமோ அவ்வளவு நல்லது. வேரால் ஒருவனுக்கு என்ன செய்ய முடியும்?

“ஜெர்மன்காரர் உதைக் குடிக்கமாட்டினம் அண்ணை,” என்றார் சமையல் அண்ணை. “அவைக்குப் பதிலா நாங்கள் குடிச்சு, அவைக்குப் பதிலா நாங்களே அனுமதி குடுப்பம்.”

பீஜி அண்ணைக்கு அந்த நியாயம் பிடித்துவிட்டது. அகன்ற பிளாஸ்டிக் சருவத்தில் பச்சைத் தண்ணீர் விட்டு, துணியில் தூளைக் கட்டி, அதற்குள் வைத்துப் பிசைந்தார். தண்ணீர் வெள்ளக்காலத்து வாய்க்கால் நிறத்துக்கு வந்தது. சிரட்டையால் அள்ளி, ஒருதரம் கைதட்டி, ஒரே மூச்சில் குடித்தார். பிறகு மூன்றுதரம் கைதட்டினார். அடுத்தது எனக்கு. நானும் கைதட்டிவிட்டுக் குடித்தேன். பிள்ளைகளே, மண்ணைக் கரைத்து மிளகுத்தூள் போட்டு வேப்பிலை பிழிந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

“ஒரு சிரட்டை குடி. அப்புறம் பேசாம இரு. உடம்பு என்ன சொல்லுதுன்னு கேளு,” என்றார் பீஜி அண்ணை. “இது சாராயம் மாதிரி உன்னை அடிக்காது. உக்கார வைக்கும்.”

சமையல் அண்ணை ஒரு வாய் வைத்ததும் முகம் கோணிப்போனது. “சீ! இதை மனுசன் குடிப்பானே? பொறுங்கோ, இதுக்கு நான் வழி பண்ணுறன்.”

அவர் பண்ணிய வழி, பருப்புக்கும் கறிக்கும் என்று எடுத்துவைத்த தேங்காய்ப்பால் சட்டியைத் தூக்கிச் சருவத்துக்குள் கவிழ்த்ததுதான். மேலே நாலு கை சீனி. ஏலக்காயும் தட்டிப் போட்டார். பீஜி அண்ணை இரண்டு கையையும் தலையில் வைத்தார்.

“ஐயோ தம்பி, பால்ல கலந்தா இது இன்னும் பலமா ஏறுமே!”

“ஏறினால் ஏறட்டும் அண்ணை. இப்பதான் பாயாசம் மாதிரி இருக்கு.”

உண்மையாகவே குடிக்கக்கூடியதாக இருந்தது. அதுதான் ஆபத்து. வெங்காயம் வெட்டினோம், ஒரு சிரட்டை. கத்தரிக்காய் வெட்டினோம், ஒரு சிரட்டை. ஒவ்வொன்றுக்கும் கைதட்டு.

முதலில் உதடு போனது. பல் பிடுங்க ஊசி போட்டால் எப்படி விறைக்குமோ அப்படி. பிறகு நாக்கு. பிறகு ஒரு சந்தோஷம் வந்தது. வெறி அல்ல. தலை தெளிவாகத்தான் இருந்தது. அகதி வழக்குப் பற்றிய யோசனை, கடிதம் வருமோ என்ற யோசனை எல்லாம் எங்கேயோ தள்ளிப்போய் உட்கார்ந்துவிட்டன. சத்தமாகப் பேசவே பிடிக்காத ஒரு சமாதானம். பெரிய குரல் சமையல் அண்ணை பிள்ளை நித்திரையாகக் கிடக்கும் வீட்டில் பேசுகிற மாதிரிப் பேசினார்.

“தம்பி, இந்தக் கத்தரிக்காயைப் பாரும். என்ன வடிவான நிறம்.”

“ஓம் அண்ணை. வடிவு.”

“நாங்கள் இதை வெட்டிப்போட்டமே.”

கொஞ்ச நேரம் கத்தரிக்காய்க்காகக் கவலைப்பட்டோம். பிறகு அவர் அகப்பையால் கறியைத் தொட்டு நாக்கில் வைத்தார். திரும்பவும் வைத்தார்.

“உப்புக் காணாது.” ஒரு கை போட்டார்.

கொஞ்சத்தில் நான் ருசி பார்த்தேன். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. “அண்ணை, இன்னும் உப்புக் காணாது போல கிடக்கு.” நான் ஒரு கை போட்டேன். பீஜி அண்ணை எழும்பி வந்து, தன் பங்குக்குப் பார்த்து, தன் பங்குக்கும் போட்டார். அப்படி எத்தனை முறை நடந்தது என்று எங்கள் மூன்று பேருக்கும் இன்றுவரை தெரியாது.

அடுத்ததாகக் கால் போனது. விழவில்லை. எழும்ப வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். சுவரோரம் வாங்கில் வரிசையாக இருந்தோம். அப்போது சமையல் அண்ணை தன் மரக்கறிப் பைக்குள் கையை விட்டு, லீக்ஸ் இலைகளுக்கு நடுவே ஒளித்துவைத்திருந்த ஒரு பியர்ப் போத்தலை எடுத்தார். பீஜி அண்ணையின் கை அவர் கையைப் பிடித்தது. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த மனிதர் சிரிக்கவில்லை.

“இது வேணாம். கவாவும் பியரும் ஒண்ணா போனா ஈரல் கெடும். என் கூட கப்பல்ல இருந்தவன் அப்படிக் குடிச்சுப் படுத்தான். ரெண்டு ஆள் தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பிழைச்சான். ஆனா ரொம்ப நாள் மஞ்சளா இருந்தான்.”

சமையல் அண்ணை போத்தலைத் திறக்காமலே காலடியில் வைத்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் உங்கள் அம்மா வந்தார். மணம் ஏறாமல் இருக்க மூக்கில் எலுமிச்சைத் தேசிக்காய்ப் பாதியை அழுத்திப் பிடித்தபடி குசினி வாசலில் நின்று, வாங்கில் சிரித்துக்கொண்டிருக்கும் எங்கள் மூன்று பேரையும் பார்த்தார்.

“என்ன, மூண்டு பேரும் போட்டோவுக்கு இருக்கிறியளோ? கறி முடிஞ்சுதோ?”

“முடிஞ்சுது,” என்றேன். விறைத்த வாயால் அது வேறு ஏதோ மாதிரி வந்திருக்க வேண்டும். அம்மா கிட்ட வந்து என் முகத்தை மணந்தார். சாராய மணம் இல்லை. சருவத்தைப் பார்த்தார்.

“உதென்ன?”

“வேர்,” என்றார் சமையல் அண்ணை. “மருந்து தங்கச்சி. நீரும் ஒரு சிரட்டை…”

பீஜி அண்ணை உடனே சிரட்டையைக் கவிழ்த்து வைத்தார். “வேணாம்மா. புள்ளை வயித்துல இருக்கிறவங்க இதைத் தொடக்கூடாது. எங்க ஊர்லயும் குடுக்க மாட்டாங்க.”

அப்படித்தான் அன்று அந்தக் குசினியில் வேலை செய்யும் நாக்காக அம்மாவின் நாக்கு ஒன்றுதான் மிஞ்சியது. அவர் தேசிக்காயை ஒரு கையால் மூக்கில் பிடித்துக்கொண்டு, மறு கையால் கறியைத் தொட்டு வாயில் வைத்தார். முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

“உங்களுக்கு என்ன விசரே? கீரிமலைக் கடலை அள்ளிச் சட்டிக்குள்ள ஊத்தினியளோ? உப்பு, உப்பு, ஒரே உப்பு! பால் விட்டாலாவது கொஞ்சம் குறையும். பால் எங்கை?”

நாங்கள் மூன்று பேரும் சருவத்தைப் பார்த்தோம். அம்மாவும் பார்த்தார்.

அவர் ஏசவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது. மேலே அறைக்குப் போகும் படியைத் திரும்பி ஒருதரம் பார்த்தார். கண் கலங்கியது. அடுத்த நிமிடம் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிவிட்டுச் சொன்னார்: “கிழங்கு வேணும். நிறையக் கிழங்கு.”

கிழங்கு எங்களிடம் இல்லை. அம்மா தேடிக்கொண்டிருக்கும்போதே கதவுக்கு வெளியே திறப்புகள் கிலுங்கின. மேசை விரிக்கத் திறப்பம்மா முன்கூட்டியே வந்துவிட்டார். அம்மாவுக்கு அப்போது ஜெர்மன் கொஞ்சம்தான் தெரியும். தெரிந்ததை எல்லாம் சேர்த்துச் சொன்னார்: “கார்ட்டோஃபெல்ன், பிற்றே. சரியான நிறைய. கறி, உப்பு, கெட்டுப்போச்சு.” பாதி ஜெர்மன், பாதி யாழ்ப்பாணம். திறப்பம்மா அம்மாவின் வயிற்றைப் பார்த்தார், தேசிக்காயைப் பார்த்தார், நிலவறைக்குப் போய் ஒரு கூடை கிழங்கோடு வந்தார். இரண்டு பேரும் மேசைக்கு எதிரெதிரே இருந்து தோல் சீவினார்கள். கிழங்கைப் பெரிதாக வெட்டிக் கறிக்குள் போட்டு, குழம்பில் பாதியை வடித்து வெளியே ஊற்றிவிட்டு, தண்ணீரும் தக்காளியும் விட்டார் அம்மா. பருப்புக்கும் சோற்றுக்கும் உப்பே போடவில்லை. “கறியோட சேர்த்துச் சாப்பிடேக்கை சரியா வரும்,” என்றார்.

அதற்குப் பிறகுதான் ருசி பார்க்கிற சிக்கல். அம்மாவுக்கு அப்போது புளி என்றால் உயிர். எவ்வளவு புளி இருந்தாலும் காணாது என்றே தெரியும். அதனால் திறப்பம்மாவின் கையில் ஒரு கரண்டியைக் கொடுத்தார். திறப்பம்மாவுக்கு உப்பும் புளியும் தெரிந்தது, மிளகாய்தான் தெரியாது. ஒரு துளி பட்டதும் கண்ணால் தண்ணீர் ஓடியது. “புளி போதும், நெருப்பு அதிகம்,” என்று கையால் விசிறிக்கொண்டார். அம்மா பார்த்துவிட்டு, “நெருப்புச் சரி, உப்பு இன்னும் கொஞ்சம் குறைய வேணும்,” என்றார். இப்படி இரண்டு அரை நாக்குகள் சேர்ந்து ஒரு முழு நாக்காகிக் கறியைக் காப்பாற்றின.

கை துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் திறப்பம்மா எங்களைச் சரியாகப் பார்த்தார். மூன்று ஆம்பிளைகள் வாங்கில் இருக்கிறார்கள். எழும்பி வணக்கம் சொல்லவில்லை. கண் பாதி மூடியிருக்கிறது. சிரிக்கிறார்கள். சமையல் அண்ணையின் காலடியில் பியர்ப் போத்தல். அவர் முகம் முதல் நாள் பார்த்த முகமாக மாறியது.

“குடித்திருக்கிறார்கள்.” கேள்வியாகக் கேட்கவில்லை, சொன்னார்.

அம்மாவின் கையிலிருந்த கரண்டி நின்றுவிட்டது. நான் எழும்பி விளக்க நினைத்தேன். நினைத்தது நடந்தது, எழும்புவது நடக்கவில்லை. சமையல் அண்ணை போத்தலைத் தூக்கி மூடியைக் காட்டினார். திறக்கவில்லை என்று அர்த்தம். அவருடைய சிரிப்போடு சேர்த்துப் பார்த்தால் அது ‘உங்களுக்கும் வேண்டுமா’ என்பதுபோல் இருந்தது.

பீஜி அண்ணைதான், பழகிய உடம்பு என்பதால், சுவரைப் பிடித்து எழும்பினார். பொட்டலத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய்த் திறப்பம்மாவுக்கு முன்னால் குனிந்து நின்றார். “கவா,” என்றார். “ஃபோர் யூ. பெர்மிஷன்.”

திறப்பம்மா பொட்டலத்தை வாங்கி மணந்தார். சருவத்துக்குள் குனிந்து மணந்தார். பிறகு தன் கைப்பையைத் திறந்து, கிளறி, ஒரு சின்ன மருந்துப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். அதன் மேல் பெரிய எழுத்தில் அதே பெயர். நரம்பு அமைதிக்கு என்று அந்த நாட்களில் ஜெர்மன் மருந்துக்கடைகளில் கவாக் குளிசை விற்பார்கள். கணவன் இறந்த பிறகு மனம் படபடக்கிறது என்று டொக்டர் எழுதிக்கொடுத்ததாம்.

“நான் இதில் ஒன்று விழுங்குவேன்,” என்றார் திறப்பம்மா. “நீங்கள் எவ்வளவு குடித்தீர்கள்?”

சமையல் அண்ணை சருவத்தின் விளிம்பையும் அடியையும் தொட்டுக் காட்டினார்.

முதலில் அவருடைய தோள் குலுங்கியது. பிறகு சத்தமாகச் சிரித்தார். அவர் சிரித்ததை அன்றுதான் நாங்கள் முதலில் பார்த்தோம். அம்மாவும் சிரித்தார். என்ன சிரிப்பென்று தெரியாமலே நாங்களும் சிரித்தோம். பிறகு அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போத்தலின் எழுத்தை எங்களுக்கு வாசித்தார். மதுவோடு கூடாது. நித்திரைக் குளிசையோடு கூடாது. கர்ப்பிணிகளுக்குக் கூடாது. நெடுநாள் எடுக்கக்கூடாது. வாகனம் ஓட்டக்கூடாது. கடைசி வரியில் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். பியர்ப் போத்தல் அவருடைய கைப்பைக்குள் போனது. வான் திறப்பைக் கேட்டு என்னிடம் கை நீட்டினார்.

“எனக்குத் தலை நல்ல தெளிவு,” என்றேன். உண்மைதான். ஆனால் சேட்டுப் பையிலிருந்து திறப்பை எடுப்பதற்கே என் விரல்கள் படாத பாடு பட்டன. அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். தலை தெளிவாக இருப்பதால் எல்லாம் சரி என்று நினைக்க வைப்பதுதான் கவாவின் தந்திரம். கால் பிரேக்கைத் தேடிப் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை ஒன்று தெருவைக் கடந்துவிடும். இதை நீங்கள் மறக்கக்கூடாது.

ஆகவே பிள்ளைகளை ஏற்றப் போனவர் திறப்பம்மா. ஒரே தடவையில் கொள்ளாமல், ஹைமுக்கும் மண்டபத்துக்கும் மாறி மாறி ஓடினார். எங்கள் பிள்ளைகள் வானுக்குள் சும்மா இருப்பார்களா? மெஷின் சத்தத்துக்கு மேலால் கத்திப் படித்துப் பழகிய தொண்டைகள். ஜெர்மன்காரப் பாட்டி ஒன்று வாகனம் ஓட்டுவதைக் கண்டதும் அவருக்குத் தமிழ் படிப்பிக்கத் தொடங்கிவிட்டார்கள். கடைசித் தடவை வான் வந்து நின்றபோது கண்ணாடிகள் எல்லாம் திறந்திருந்தன. உள்ளேயிருந்து வந்த சத்தத்தில் ஒரு தடித்த குரலும் இருந்தது.

“ஒண்டு! ரெண்டு! மூண்டு!”

“நாலு எங்கை? நாலை விட்டுட்டீங்கள்!” என்று ஒரு சின்னப் பெண் பின்னால் இருந்து அதட்டினாள்.

“நாலு,” என்றார் திறப்பம்மா பணிவாக.

சபை ஆட்கள் வந்து மேசை நிறைந்தது. கறியில் கிழங்கு கூடிப்போனதால் ஜெர்மன்காரருக்கு அது தங்கள் வீட்டுச் சாப்பாடு மாதிரியே இருந்திருக்க வேண்டும். சட்டி வழித்தார்கள். போதகர் மூன்றாம் தரம் சாப்பாட்டுக் கோப்பையை நீட்டினார். பரிமாறியதும் அம்மாவும் மற்ற அம்மாமாரும்தான். நாங்கள் வாங்கில் இருந்தபடி வருகிறவர்களுக்கெல்லாம் தலையாட்டினோம். எவ்வளவு அமைதியான, மரியாதையான ஆம்பிளைகள் என்று ஒரு வயதான அம்மையார் எங்களைப் பற்றிச் சொன்னாராம். திறப்பம்மா குனிந்து பருப்பைச் சாப்பிட்டாராம்.

கவாவைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பிற்காலத்தில், ஈரலைக் கெடுக்கிறது என்ற பயத்தில் இங்கே அந்தக் குளிசைகளை விற்பதை நிறுத்தினார்கள். பீஜி அண்ணை தன் சிரட்டையை மெல்ல மெல்ல விட்டார். கையில் தோல் திரும்பி வந்ததை எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தார். அவருடைய ஊரில் அது பெரியவர்கள் அளவோடு, முறையோடு குடிக்கிற பானம். அதை நான் இகழமாட்டேன். முறை தெரியாமல் பால் கலந்து, சீனி போட்டு, சருவம் காலியாகும்வரை குடித்தவர்கள் நாங்கள்தான்.

சாப்பாடு முடிந்ததும் திறப்பம்மா எங்கள் பக்கம் வந்தார். கோர்வையிலிருந்து ஒரு திறப்பைக் கழற்றினார். அறை வேண்டுமென்று நான்தான் பேசிக் கேட்டவன் என்பதால் கையை நீட்டினேன். அவர் என் கையைக் கடந்து போய், கைகழுவிக்கொண்டு நின்ற அம்மாவிடம் கொடுத்தார்.

“ஒவ்வொரு சனிக்கிழமையும். ஆனால் இது உங்களிடம்தான் இருக்க வேண்டும்,” என்றார். வாங்கைக் கண்ணால் காட்டி, “அவர்களிடம் வேண்டாம்,” என்றார்.

அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்தார். திறப்பை வாங்கி, அடுத்த சனிக்கிழமைவரை காத்திருக்காமல், அப்போதே விறுவிறென்று மேலே போனார். கதவு திறந்தது. யன்னல் திறந்தது. பிறகு அவர் குரல் கேட்டது.

“இஞ்சருங்கோ! இந்த வாங்குகளைத் தள்ளி வைக்க வேணும். வெளிச்சம் பலகையில விழுகுதில்லை. மூண்டு பேரும் ஒருக்கா மேல வாங்கோ!”

“வாறம், வாறம்,” என்றோம் மூன்று பேரும். ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஒருவரும் அசையவில்லை.

திறப்பம்மா எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு போதகரையும் கூட்டிக்கொண்டு படியேறினார். பிள்ளைகள் பின்னால் ஓடினார்கள். மேலே வாங்குகள் இழுபடும் சத்தமும், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று அம்மா இரண்டு மொழியிலும் கட்டளையிடும் சத்தமும் நிறைய நேரம் கேட்டன.

“தம்பி,” என்றார் சமையல் அண்ணை மெல்ல, “போதகர் நல்லாத் தூக்குறார் போல கிடக்கு.”

“ஓம் அண்ணை.”

“நாங்கள் அவையளுக்கு ஏதாவது செய்ய வேணும்.”

பீஜி அண்ணை யோசித்தார். பிறகு எங்களால் அப்போது செய்யக்கூடிய ஒரே வேலையைச் செய்தோம். வாங்கில் இருந்தபடி, மேலே கேட்கும்படி, மூன்று பேரும் கைதட்டினோம்.